மூன்று கோடு பெட்ரோல்

கார் துடைக்கிறவருக்கு ட்யூப் எதற்கு?

அதுவும் இவ்வளவு நீளமாக? பாம்பு மாதிரி சுருட்டி, வாளிக்குள் போட்டு, மேலே துணியை வைத்து மூடி ஏன் கொண்டுவர வேண்டும்? மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் எதற்காக மூடி வைக்கிறார்கள்?

மிளகு இதையெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.  முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்தால், கீழே வண்டிகள் நிற்கும் இடம் பாதி தெரியும். மீதிப் பாதியை ஒரு தடித்த தூண் மறைத்துக்கொள்ளும்.

கீழே கார் துடைக்கும் அக்கா நீல ட்யூபின் ஒரு முனையைத் தூணுக்குப் பின்னால் எங்கேயோ விட்டார். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினார். பிறகு அந்த முனையை வாளிக்குள் இறக்கினார்.

தூணுக்குப் பின்னால் இருப்பது மிளகு வீட்டு வண்டியின் பின்பக்கம். பெட்ரோல் போடும் மூடி இருக்கிற பக்கம்.

அதற்கு மேல் நின்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. நோட்டில் எழுதினாள். "புதன், காலை 6.40. நீல ட்யூப். வாயால் உறிஞ்சினார். துப்பினார். வாளியில் பிடித்தார்." எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள்.   இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

அவளுக்கு வயது பதினொன்று. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் மிளகுதான். தம்பி பட்டாணி. அவனுக்கு ஆறு வயது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்திருந்தால் குழம்பே வைத்திருக்கலாம் என்று அம்மா சொல்வாள்.

அந்த வண்டி வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சாம்பல் நிறம். பட்டாணி ஏற வேண்டுமானால் யாராவது பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும், அவ்வளவு உயரம். அதற்கு இரண்டு வயிறு என்று அப்பா சொல்வார். ஒன்று பேட்டரி, இன்னொன்று பெட்ரோல் டாங்க். ராத்திரி சார்ஜ் ஏற்றினால் மறுநாள் ஐம்பது கிலோமீட்டர் கரண்டிலேயே சத்தமில்லாமல் ஓடும். தூரப் பயணம் போனால் மட்டும் பெட்ரோல் இன்ஜின் எழுந்து வேலை செய்யும். பிளக்-இன் ஹைபிரிட் என்று அதற்குப் பெயர்.

இதை அப்பா யாரைப் பார்த்தாலும் விளக்குவார். லிஃப்டில் விளக்குவார். லிஃப்ட் நின்ற பிறகும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு விளக்குவார். மூன்றாம் மாடி ஆன்ட்டி இப்போதெல்லாம் படியேறித்தான் போகிறார். அவர் உடம்பு இளைத்ததற்கு அப்பாதான் காரணம் என்று அம்மா கேலி செய்வாள்.

அப்பாவுக்கு வேலை நில அளவை அலுவலகத்தில், வரைபடம் போடுவது. ஒரு கோடு தப்பினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் போன வாரம் வண்டியின் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் அளவு காட்டும் இடத்தில் முன்பு எட்டுக் கோடு இருந்தது. இப்போது ஐந்துதான் இருந்தது.

ஆறு வாரமாக அவர்கள் ஊரைத் தாண்டவில்லை. அலுவலகம், பள்ளிக்கூடம், அம்மாவின் ஆஸ்பத்திரி, பட்டாணியின் நீச்சல் வகுப்பு, அவ்வளவுதான். எல்லாம் கரண்டிலேயே போய்வரும் தூரம். தினமும் மாலையில் சார்ஜர் கேபிளைச் செருகுவது மிளகின் வேலை. அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

அப்பா பழைய செய்தித்தாளை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, தினமும் வண்டியின் பக்கத்தில் போகிற ஆள் யார் என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. கார் துடைக்கும் அக்கா.

பார்க்காத விஷயத்தைப் பேச வேண்டாம் என்று அம்மா சொன்னாள்.

"பார்க்கத்தான் ஆள் போடப்போறேன்," என்றார் அப்பா. மிளகைப் பார்த்தார்.

அப்படித்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. புது நோட்டும் கிடைத்தது.

திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று காலையும் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தன. எழுப்பாமலே எழுந்தாள். அக்கா குனிந்தால், ஒளிகிறார். நிமிர்ந்தால், யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார். சும்மா நின்றால், எதையோ யோசிக்கிறார். ஒரு வண்டியைத் துடைத்து முடித்ததும் அதன் வைப்பர்கள் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போவது அக்காவின் பழக்கம். இது முடிந்தது என்பதற்கு அடையாளம். அதுகூட இப்போது யாருக்கோ காட்டும் சைகை போலத் தெரிந்தது.

சந்தேகம் படிக்கட்டோடு நிற்கவில்லை. அவளோடு பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. செவ்வாய்க்கிழமை ரப்பரைக் காணோம். பக்கத்தில் உட்காரும் தோழியின் பையை இரண்டு பாடவேளை முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றியபோது, அவளுடைய சட்டைப் பையிலிருந்தே ரப்பர் விழுந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை அப்பா நோட்டைப் படித்தார். ட்யூப் என்ற இடம் வந்ததும் மறுபடி படித்தார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்குப் போனார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அங்கேதான் இருக்கிறார்.

மறுநாள் காலை அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் வழியில் அப்பா பெட்ரோல் பங்குக்குள் வண்டியைத் திருப்பினார். குறைந்த மூன்று கோட்டையும் நிரப்பி, பேனாவால் குறித்துவைத்துக் கண்காணிக்கப் போகிறாராம்.

பங்கில் வேலை செய்யும் அண்ணன் மூடியைத் தட்டினார். நகத்தால் நெம்பினார். உள்ளங்கையால் அழுத்தினார். மூடி அசையவில்லை.

"சார், திறக்க மாட்டேங்குது. உங்க வண்டிக்குப் பெட்ரோல் குடிக்க மனசில்ல போல."

அப்பா இறங்கிப்போய் அவரும் தட்டினார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அப்பா காது சிவக்கத் திரும்பி வந்து, வண்டியோடு கொடுத்த தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அழுத்தினார். திரையில் 'காத்திருக்கவும்' என்று வந்தது. பத்து வினாடி. பதினைந்து வினாடி. ஒரு பெருமூச்சுச் சத்தம். அதன் பிறகுதான் மூடி திறந்தது.

பெட்ரோல் ஆவி வெளியே போகாமலிருக்க டாங்க்கை இறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள் என்று அப்பா படித்துச் சொன்னார். உள்ளே அழுத்தம் இறங்கினால்தான் மூடி திறக்குமாம். வாங்கிய புதிதில் ஒருமுறை இப்படிச் செய்தது அவருக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. பெட்ரோல் போட வந்தே எத்தனை மாதம் ஆகிறது.

மிளகு அந்தப் பொத்தானையே பார்த்தாள். அது வண்டிக்குள் இருந்தது. வண்டியோ தினமும் பூட்டித்தான் இருக்கும். சாவி வீட்டுக்குள், ஆணியில்.

"அப்படின்னா அக்கா எப்படிப்பா திறந்தாங்க?"

அப்பா கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்தார். "அதுக்கெல்லாம் அவங்க ஏதாவது வழி வச்சிருப்பாங்க."

என்ன வழி என்று அவர் சொல்லவில்லை. மிளகுக்கும் தோன்றவில்லை. 

அன்று மாலை லிஃப்டில் செயலாளர் மாமா இருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். நேரம்கூடப் போட்டு எழுதியிருக்கிறாளே, பெரியவர்களுக்குக்கூட அந்தப் புத்தி வராது என்றார்.

"அந்த ஒரு பக்கம் போதும்மா. அந்த அம்மாவைச் சனிக்கிழமையோட வேலையை நிறுத்திக்கச் சொல்லிட்டேன்."

மிளகுக்கு லிஃப்ட் மேலே போகாமல் கீழே இறங்குவது போல இருந்தது. காரணம் சொன்னீர்களா என்று கேட்டாள்.

"எதுக்கு வம்பு? ஆள் தேவையில்லன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

"எங்க வண்டி மட்டுமா, மாமா?"

"பதினோரு வண்டியும்தான். ஒண்ணுல கை வச்சவங்களை இன்னொண்ணு கிட்ட விட முடியுமா?"

அவர் போக வேண்டிய மாடி வந்தும் அவர் இறங்கவில்லை. துப்பறியும் அதிகாரியாக ஆகப் போகிறாயா என்று கேட்டு, அவள் பதிலுக்குக் காத்திருந்தார். மிளகு தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை. இவ்வளவு வெட்கமாகவும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஜன்னலில் நிற்கவில்லை. கீழேயே இறங்கிப் போனாள்.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அவர்கள் வண்டியின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"என்ன பாப்பா, இன்னைக்கு ஜன்னல் வேணாமா?"

மிளகு கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"மூணு நாளா கம்பிக்கு வெளிய ஒரு மூக்கு மட்டும் தெரிஞ்சுது. கார் துடைக்கக் கத்துக்கிறீங்கன்னு நினைச்சேன். நேத்து காணோம். கத்து முடிச்சாச்சுன்னு நினைச்சேன்."

அக்கா சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. துணியைப் பிழிந்து உதறினார். மிளகு தூணைச் சுற்றிக்கொண்டு போனாள். ஜன்னலிலிருந்து தெரியாத பாதியை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தாள்.

அங்கே ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் இருந்தது. நிறையத் தண்ணீர். நீல ட்யூபின் ஒரு முனை அதற்குள் மிதந்துகொண்டிருந்தது.

அவள் ட்யூபையே பார்ப்பதைக் கண்டு அக்கா சொன்னார். அங்கிருக்கும் குழாயில் விடிகாலையில் தண்ணீர் வராதாம், அவர் கிளம்பும் நேரத்தில்தான் வருமாம். அதனால் தினமும் போகும்போது பீப்பாயில் நிரப்பி வைத்துவிட்டு, மறுநாள் ட்யூப் வைத்து வாளிக்கு இறக்கிக்கொள்கிறார். முதலில் கொஞ்சம் வாயால் உறிஞ்சினால்தான் தண்ணீர் வரும்.

"பழைய தண்ணி வாய்க்குள்ள போனா நல்லாவா இருக்கும்? அதான் துப்புறேன். ட்யூப்ல மண்ணு போயிரக் கூடாதுன்னு துணி போட்டு மூடிக்கிறது."

ஒவ்வொரு வாக்கியமும் நோட்டிலிருந்த ஒவ்வொரு வரியை அழித்துக்கொண்டே வந்தது. உறிஞ்சினார். துப்பினார். மூடி வைத்தார். எல்லாமே உண்மைதான். எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் பொய்யாகிவிட்டது. அது எப்படி என்று மிளகுக்குப் புரியவில்லை. புரிந்தது போலவும் இருந்தது.

அக்கா வண்டியின் முன்பக்கம் வந்து பானட்டை அழுத்தித் துடைத்தார். அங்கே பூப்போல நான்கைந்து கால் தடங்கள் இருந்தன.

"உங்க வண்டி ஒண்ணுக்குத்தான் இந்த வேலை. செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் ஆச்சுன்னா அந்த மஞ்சள் பூனை இதுமேல ஏறிப் படுத்துக்குது. மறுநாள் நான் துடைக்கணும். மத்த நாள்ல இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பூனைக்கும் டைம் டேபிள் இருக்கு பாருங்க." துணியை மடித்தார். "புதுசா யார் வர்றாங்களோ, அவங்ககிட்ட சொல்லிருங்க. காஞ்சுபோனா தடம் போகாது."

எங்கே போவீர்கள் என்று மிளகு கேட்டாள். 

"தேடணும். பதினோரு வண்டி ஒரே இடத்துல அமையுறது லேசா? இதை நம்பித்தான் இருட்டோட பஸ் பிடிச்சு வர்றேன். என்ன தப்பு பண்ணினேன்னு சொன்னாலாவது திருத்திக்கலாம். அதுவும் சொல்லல."

வைப்பர்கள் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டு அக்கா அடுத்த வண்டிக்குப் போனார். சொல்ல வேண்டியது எல்லாம் மிளகின் நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

அன்று முழுவதும் அவள் பூனையை நினைத்துக்கொண்டிருந்தாள். குளிர் மாதம். குளிரில் பூனை எங்கே படுக்கும்? சூடாக இருக்கும் இடத்தில். கரண்டில் ஓடும் வண்டியின் பானட் சூடாகுமா? மாலையில் அப்பா இருபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதும் அவள் ஓடிப்போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பாத்திரம் போலச் சில்லென்று இருந்தது. பூனையும் வரவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. பட்டாணியின் நீச்சல் வகுப்பு.

அந்த நாட்களில் வண்டியை எடுத்துக்கொண்டு போவது அம்மா.

இது தோன்றியதும் மிளகு படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடியும் அந்தப் பழைய குறுகுறுப்பு. மறுபடியும் ஒரு ஆள். ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கலாம், நோட்டில் எழுதலாம். அந்த எண்ணமே கசந்தது. நோட்டை எடுத்து அலமாரியின் அடித்தட்டில், பழைய பாடப் புத்தகங்களுக்குக் கீழே வைத்தாள். இந்தத் தடவை வேவு பார்க்கக் கூடாது. கேட்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை அம்மா நீச்சல் வகுப்புக்குக் கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றாள். அம்மாவுக்கு ஆச்சரியம்தான்.

நீச்சல் குளத்துக்கு வெளியே, தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அம்மா வண்டியை நிறுத்தினாள். மோட்டார் 'தட தட' என்று ஓடிக்கொண்டிருந்தது. பட்டாணி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். அம்மா காலணியைக் கழற்றினாள். இருக்கையைச் சாய்த்தாள். ரேடியோவைப் போட்டாள். கண்ணாடிக்குச் சூடான காற்று வரும் பொத்தானை அழுத்தினாள். பனி படர்ந்திருந்த கண்ணாடி மெல்ல மெல்லத் தெளிந்தது. வண்டிக்குள் இதமான வெதுவெதுப்பு பரவியது.

"இந்த முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கு," என்றாள் அம்மா கண்ணை மூடியபடி. "யாரும் சிஸ்டர்னு கூப்பிட மாட்டாங்க. அம்மான்னும் கூப்பிட மாட்டாங்க."

மிளகு கூப்பிடவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பகலில் தூங்கி மிளகு பார்த்ததே இல்லை. சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கி முன்னால் போய் பானட்டின் மேல் கை வைத்தாள்.

பானட் சூடாக இருந்தது. பூனையின் வயிறு போல மெதுவாக அதிர்ந்துகொண்டும் இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தாள். புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது.

அவள் அம்மாவை எழுப்பவில்லை. முக்கால் மணி நேரமும் வெளியே நின்று, கையைக் கையோடு தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டாணி ஈரத் தலையோடு ஓடி வந்த பிறகுதான் உள்ளே ஏறினாள்.

"அம்மா, கொஞ்சம் ரேடியோவை நிறுத்தேன். அந்தப் பொத்தானையும் நிறுத்திட்டு, மறுபடி போடேன்."

அம்மா நிறுத்தினாள். காலடியில் ஏதோ அடங்கியது. மறுபடி போட்டாள். ஏதோ எழுந்தது. மோட்டார் அறையின் சத்தத்தில் மூழ்கிப்போகிற அளவுக்குச் சின்ன உறுமல். அம்மா நிறுத்திப் போட்டு, நிறுத்திப் போட்டு ஐந்து தடவை கேட்டாள். பட்டாணி, வண்டிக்கு வயிற்று வலியா என்று கேட்டான்.

"ஆறு வாரமா நான் தூங்கின தூக்கமா அந்த மூணு கோடு?" என்றாள் அம்மா. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றது. "அந்தப் பொண்ணை வேலையை விட்டு நிறுத்தியாச்சே."

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னதும் அப்பா நேராகக் கீழே போனார். வண்டியில் உட்கார்ந்து அவரும் பொத்தானை அழுத்தினார், விட்டார், அழுத்தினார். தடித்த புத்தகத்தில் தேடினார். நூற்று எண்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. முன் கண்ணாடிக்குச் சூடான காற்று தேவைப்படும்போது, பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் பெட்ரோல் இன்ஜின் தானாக இயங்கலாம். இரண்டே வரி. லிஃப்டில் இத்தனை பேருக்கு விளக்கியவர் அந்தப் பக்கத்துக்கு வந்ததே இல்லை.

ட்யூப், பீப்பாய், பூனை எல்லாவற்றையும் மிளகு வரிசையாகச் சொன்னாள். அப்பா கேட்டு முடித்துப் புத்தகத்தை மூடினார்.  பிறகு செயலாளருக்குப் போன் செய்தார். தப்பு எங்கள் பக்கம்தான், கார் துடைக்கும் அந்த அம்மா வேலையைத் தொடரட்டும் என்றார். செயலாளர் அந்தப் பக்கம் வெகுநேரம் என்னவோ பேசினார். சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லையாம். நாளைக் காலை பீப்பாயையும் வாளியையும் எடுத்துப் போக அந்த அம்மா வருவார், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சீக்கிரமே எழுந்துவிட்டார். சட்டை மாற்றினார். தலை வாரினார். ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்தார். கீழே அக்கா பீப்பாயைச் சாய்த்து மிச்சத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ட்யூபைச் சுருட்டி வாளிக்குள் போட்டார்.

அப்பா மிளகைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ கீழ போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துரு. செயலாளர் ஏதோ மாத்திச் சொல்லிட்டார், நாளையிலேர்ந்து வழக்கம்போல வாங்கன்னு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். சந்தேகப்பட்டோம்னு தெரிஞ்சா அவங்களுக்குத்தானே கஷ்டம்? சின்னப் பொண்ணு நீ சொன்னா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

அவர் முகத்தை மிளகு பார்த்தாள். அப்பா பொய் சொல்கிறவர் அல்ல. இப்போது அவருக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர்கள் முகத்தில் வருமே, அதே பயம். பாவமாக இருந்தது. அவருக்காக ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவது ரொம்ப சுலபம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. எல்லோருக்கும் நிம்மதி.

கீழே அக்கா ஜன்னல்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன தப்பு என்று சொன்னாலாவது என்று கேட்டவர்.

"நான் எழுதினதை நான் சொல்லிக்கிறேன்ப்பா," என்றாள் மிளகு. "நீங்க சொல்ல வேண்டியதை நான் சொல்ல மாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து, அது மூடிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு, அப்பா எழுந்து வருவதற்காக அங்கேயே நின்றாள்.